தாழைமங்கலம் குழாயடிக்கு வந்த குரல்கள்

ருஷ்ய தேசத்தின் குரல் தாழைமங்கலம் ஜங்ஷனில் காலைப் பாசஞ்சரிலிருந்து இறங்கியபோது, அதனிடம் டிக்கெட் இல்லை என்பதைத் தவிர வேறு எதையும் யாரும் குறையாகச் சொல்லவில்லை. உடம்பு இல்லாமல் வந்திருக்கிறதே என்று ஒருவரும் கேட்கவில்லை. உடம்போடு வந்து இறங்குகிறவர்கள் மட்டும் என்ன பெரிதாக வாழ்ந்துவிட்டார்கள் என்று ஊர் நினைத்திருக்கலாம். ஸ்டேஷன் வாசலில் நின்று இறங்கியவர்களிடம் டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த கோமதிநாயகத்தின் காதில்தான் அது முதலில் விழுந்தது. கூட்டமெல்லாம் வடிந்த பிறகு, ஆள் இல்லாத பெஞ்சுப் பக்கமிருந்து, "அன்பார்ந்த நேயர்களே, வணக்கம்" என்று கனத்த ஆண்குரல் ஒன்று சொன்னது. கோமதிநாயகத்துக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எத்தனையோ சாயங்காலங்களில் அதை அமுக்குவதற்காகவே தன் ரேடியோவின் சத்தத்தைத் திருகிக் கூட்டியவர் அவர். அபராதம் போட்டால் எந்தச் சட்டைப் பையிலிருந்து எடுத்துத் தரும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, குரலை முன்னால் நடக்கவிட்டுப் பின்னாலேயே வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்னார்: "ஏட்டி, ஒங்க ஆளு வந்திருக்காவ."

அவர் மனைவி எழிலரசி அப்போது கிரைண்டரில் உளுந்து போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டோடு சேர்ந்த முன்னறையில் இட்லிமாவு அரைத்து விற்பது அவள் தொழில். "அன்பார்ந்த நேயர்களே" என்ற சொல் கிரைண்டர் இரைச்சலுக்கு மேலே எழுந்து வந்ததும், மாவுக் கையோடு எழுந்து நின்றுவிட்டாள்.

அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். உலகத்துக்கு இரண்டே பக்கம் இருந்த காலம் அது. ஒரு பக்கம் ருஷ்யா, இன்னொரு பக்கம் அமெரிக்கா. நடுவில் நிற்கிறேன் என்று சொன்னவர்களையும் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறாய் என்று கேட்டுத்தான் ஊர் மரியாதை கொடுத்தது. இரண்டு தேசமும் சாயங்காலமானால் தமிழில் பேசும். சிற்றலை ரேடியோவைச் சுற்றி ஊருக்கு ஊர் நேயர் மன்றம் இருந்தது. தாழைமங்கலத்தில் எதிரெதிர் வீடுகளில் இரண்டு மன்றம். ருஷ்ய மன்றத்துக்கு எழிலரசி செயலாளர், அமெரிக்க மன்றத்துக்குக் கோமதிநாயகம் தலைவர். ருஷ்யாவிலிருந்து வழவழப்பான தாளில் கோதுமை வயலும் டிராக்டரும் அச்சடித்த பத்திரிகை வரும். அதைக் கிழித்து அட்டை போட்ட பாடப்புத்தகம் வருஷம் முழுக்கக் கசங்காது. அமெரிக்காவிலிருந்து நிலாவும் நீளக் காரும் போட்ட காலண்டர் வரும். எந்த வீட்டுச் சுவரில் எது தொங்குகிறது என்று பார்த்தே மாப்பிள்ளை வீட்டார் பேச்சை ஆரம்பித்தார்கள். அணுகுண்டு போட்டு உலகமே அழிந்துவிடும் என்று இரண்டு குரலும் மாறி மாறிச் சொன்னபோதுகூட, அழிப்பதற்குப் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதில் ஒரு நிம்மதி இருந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் அந்த நிம்மதிக்காக ஏங்காதவர் அந்த ஊரில் யாரும் இல்லை.

எழிலரசிக்கு அந்தக் குரலோடு இருந்தது வேறு கணக்கு. அவள் அப்பா ரயில்வேயில் தளவாடம் தூக்கும் கலாசி. தமிழ்ப்பற்று தலைக்கேறி மகளுக்கு நல்ல பெயராகத் தேடி வைத்துவிட்டார், ஆனால் அந்தப் பக்கத்து நாக்கு ழகரத்துக்கு வளையாது. ஊர்க்காரர்களுக்கு ஊரே தாளமங்கலம்தான். பெற்ற மகளை ஆயுசு முழுக்க 'எளிலு' என்றே கூப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினார் மனிதர். பள்ளிக்கூடத்தில் வெளியூர் வாத்தியார் ஒருவர் அவளை எழுப்பி நிறுத்திப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்; அவள் சொல்லச் சொல்ல வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து அவள் புது ஆளிடம் தன் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை. அப்பா பெயரைச் சொல்வாள், கல்யாணமான பிறகு வீட்டுக்காரர் பெயரைச் சொல்வாள். அப்படிப்பட்டவளுடைய பெயரை, கல்யாணத்துக்கு முந்திய வருஷம் ஒரு சாயங்காலம், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பனிக்குள்ளிருந்து, இரைச்சலையும் சீழ்க்கையையும் விலக்கிக்கொண்டு வந்து அந்தக் குரல் சொன்னது: "தாழைமங்கலத்திலிருந்து எழிலரசி கேட்டிருக்கிறார்." ழகரம் இரண்டும் மேலண்ணத்தைத் தொட்டு வளைந்து, தேன் வழிகிற மாதிரி வழிந்தன. மார்கழியில் வாசலெல்லாம் பனி மூடிவிட்டால் உங்கள் ஊர்ப் பெண்கள் கோலம் எங்கே போடுவார்கள் என்று அவள் கேட்டிருந்தாள். அதற்குக் குரல் பதில் சொல்லவில்லை. அந்த ஆண்டு கோதுமை உற்பத்தி எவ்வளவு பெருகியது என்று சொல்லிவிட்டு இசைக்குப் போய்விட்டது. அவளுக்குப் பதில் எதற்கு? தன் பெயர் இப்படித்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. எதிர்வீட்டுக் கோமதிநாயகம் அதே நேரத்தில் தன் ரேடியோவை முழுசாகத் திறந்துவிட்டதால் கடைசிச் சொல் கேட்காமல் போனது; அவள் போய்ச் சண்டை போட்டாள், சண்டை முற்றிக் கல்யாணத்தில் முடிந்தது. ஒரே உறையில் ரெண்டு கத்தி எப்படி இருக்கும் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். இருந்தது.

அப்படிக் கேட்ட குரல்தான் இப்போது அவள் வீட்டு நடையில் தங்க இடம் இல்லாமல் நின்றது. அதன் தேசம் பதினைந்து துண்டாக உடைந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. துண்டுகளெல்லாம் நிலத்தையும் பட்டாளத்தையும் பங்கு போட்டுக்கொண்டன, தமிழ் பேசுகிற குரலை எடுத்துக்கொள்ள மட்டும் ஒரு துண்டும் முன்வரவில்லை. தெரிந்த விலாசம் இது ஒன்றுதான் என்று அது சொன்னது. பின்கட்டில் தண்ணீர் நில்லாமல் விரிசல் விட்டுக் கிடந்த சிமெண்டுத் தொட்டியைக் குரலே தேர்ந்தெடுத்தது. காலித் தொட்டிக்குள் இருந்து பேசினால் எதிரொலி சேர்ந்து பழைய பெருமையோடு கேட்கும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. வாடகை தந்துவிடுவதாக அது அறிவித்தபோது, எழிலரசி வெட்கத்தோடு ஒன்றே ஒன்று கேட்டாள்: தினம் காலையில், அவள் ஊறப்போட்ட அரிசியைக் களைய வரும்போது, அவள் பெயரை ஒரு தடவை சொல்ல வேண்டும்.

அது சொன்னது. மழையோ வெயிலோ, அவள் பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்த காலையிலும், அப்பாவைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையிலும், பிள்ளை படித்து வேலைக்கென்று பம்பாய் ரயில் ஏறிய காலையிலும், தொட்டிக்குள்ளிருந்து "எழிலரசி" என்று சொன்னது, அவள் அன்றைய வேலையைத் தொடங்கினாள்.

ஊரும் குரலைச் சும்மா விடவில்லை. கோயில் கொடைத் திருவிழாவில் உபயதாரர் பெயர்களை அதுதான் வாசித்தது. தெருவில் மாடு தொலைந்தால் அதுதான் அறிவித்தது. ஆனால் பழக்கம் போகுமா? எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் நடுவில் உற்பத்தி பெருகியிருக்கிறது என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடும். ரேஷன் கடையில் கோதுமை வராத மாதம் அதைக் கூட்டிப்போய்ப் பேசவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் கேட்டுவிட்டுப் பாதி வயிறு நிறைந்த முகத்தோடு திரும்பினார்கள். கோமதிநாயகம் மட்டும் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "பெருங்காயம் வச்ச டப்பா, வாசனைதான் மிச்சம்," என்பார். "யானை படுத்தாலும் குதிரை மட்டம்," என்று அவள் சாதத்தைச் சட்டென்று தட்டில் போடுவாள். வருஷக்கணக்கில் இந்தச் சண்டை அலுக்கவில்லை.

கோமதிநாயகம் ஓய்வுபெற்று, தலையும் நரைத்த பிறகு, ஒரு நாள் எக்ஸ்பிரஸ் வண்டியின் குளிர்பெட்டியிலிருந்து அமெரிக்காவின் குரல் இறங்கியது. அதனிடமும் டிக்கெட் இல்லை. தான் விழுந்துவிட்டதாக அது ஒப்புக்கொள்ளவில்லை. சுற்றுப்பயணம் வந்திருப்பதாகவும், இரண்டொரு நாளில் கிளம்பிவிடப் போவதாகவும் சொன்னது. அதன் தேசத்துக்குள் யார் சொல்வதையும் யாரும் கேட்பதில்லை என்று ஆகி, வெளியே மற்றவர்களும் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார்கள் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. கோமதிநாயகம் வீட்டுக்குக் கூப்பிட்டார். அது ஓட்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஊரிலேயே உயரமான இடம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தெருமுனையில் நான்கு கால்களில் நின்ற பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏறிவிட்டது. அன்று மதியம் கோமதிநாயகம் சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்து அழுதார். நிலாவில் கால் வைத்த தேசத்தின் குரல் இந்தத் தொட்டிக்குள் புறா எச்சத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதை நினைத்து, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பி அழுதார். எழிலரசி குனிந்து ரசத்தை ஊற்றினாள். அதில் மட்டும் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அதற்குப் பிறகு வண்டிக்கு வண்டி குரல்கள் வர ஆரம்பித்தன. ஆனால் இவை விழுந்து வந்தவை அல்ல, எழுந்து வந்தவை. பெரிய குரல்கள் இரண்டும் உச்சத்தில் பேசிக்கொண்டிருந்த நாளில் வாயைத் திறக்க முடியாதிருந்த தேசங்களெல்லாம், இப்போது நம் பங்குக்கு நாமும் நான்கு வார்த்தை பேசலாமே என்று கிளம்பியிருந்தன. சீனக் குரல் எல்லோருக்கும் முன்னால் வந்து, ஊர் நிலவரமெல்லாம் விசாரித்துவிட்டு, அளந்து பேசியது. பிரேசில் குரல் வந்தது, துருக்கிக் குரல் வந்தது, இந்தோனேசியக் குரல் வரும்போதே இருமிக்கொண்டு வந்தது. கானா தேசத்துக் குரல் ஒரு சின்னப் பெண்ணுடைய குரலாக இருந்தது. கானாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று அது சொன்னதும், அப்படியென்றால் ஒரு கானா பாடு என்று ஊரே சுற்றி நின்றுகொண்டது. தன் தேசத்தின் பேருக்கும் இந்தப் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்குகிற அளவுக்கு அதற்குத் தமிழ் வரவில்லை. ரயிலில் வரும்போது காதில் விழுந்த "இட்லி வடை, இட்லி வடை" என்பதை ராகம் போட்டுப் பாடியது. ஊர் கைதட்டி ஏற்றுக்கொண்டது.

வந்தவை எல்லாம் மேல்தொட்டிக்கே போயின, அங்கேதான் வெற்றிடம் இருந்தது. அமெரிக்கக் குரல் முணுமுணுத்தது. எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார் என்று அது நல்ல தமிழில் கேட்டதாகவும், இவ்வளவு நாள் தூக்கினவர்களைக் கேட்டால் தெரியும் என்று சீனக் குரல் பதில் சொன்னதாகவும் தொட்டி கழுவப் போனவர் வந்து சொன்னார். ஊருக்கு அதில் ஒன்றும் இல்லை. தொல்லை வேறு இடத்தில் வந்தது. தெருக்குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதற்கு முன்னால் காற்று வருமில்லையா, அந்தக் காற்றோடு குரல்கள் இறங்கின. எல்லாம் ஒரே நேரத்தில் பேச முண்டியதில் குழாய் அடைத்துக்கொண்டது. ஆளுக்கு ஒரு குரல் கேட்டது, ஆனால் குடத்துக்கு ஒரு சொட்டு விழவில்லை.

குழாயடியை ஆண்டது உலகம்மாள். அவளை யாரும் நியமிக்கவில்லை, அவள் குரலுக்கு மறுகுரல் கிடையாது, அவ்வளவுதான். அந்தத் தெருவில் தண்ணீர் விடும் நாளில் காலையிலேயே ஒரு கல்லைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போகலாம். கல் வைத்தவள் அங்கே நிற்கிறாள் என்றே அர்த்தம், அந்தக் கல்லை யாரும் தாண்டமாட்டார்கள். உடம்பில்லாத குரலுக்கும் அதே வழிதான் என்று உலகம்மாள் தீர்ப்புச் சொன்னாள். குரலுக்கு ஒரு கல். ஒரு குரல் பேசி முடித்ததும் ஒரு குடம் தண்ணீர், அடுத்து ஒரு குரல், அடுத்து ஒரு குடம். அமெரிக்கக் குரல் தனக்கு அம்மிக்கல் வேண்டும் என்றது. கோமதிநாயகம் ஆள் வைத்துத் தூக்கிவந்து போட்டார். உலகம்மாள் அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கல்லு பெருசா இருந்தா தண்ணி கூடுதலா வராதுய்யா. போட்டுட்டு நில்லு."

இப்படித்தான் தாழைமங்கலத்துக் குழாயடியில் உலகம் வரிசைக்கு வந்தது. குழாயடி என்றால் சண்டை இல்லாமலா? துருக்கியின் கல்லை யாரோ காலால் நகர்த்திவிட்டார்கள் என்று ஒரு நாள், சீனக் கல் எப்படி ஒவ்வொரு முறையும் முன்னாலேயே இருக்கிறது என்று ஒரு நாள். ஆனால் குடம் நிறைந்தது. சின்னக் குரல்களுக்கும் முறை வந்தது. பெரிய குரல்கள் தம் முறை வந்தால் அறிவிக்கும். கானாக் குரல் மட்டும் முறை வந்தால் அறிவிக்காமல் கேட்கும். குழாயைத் திறந்ததும், "வணக்கம், ஒங்க பேரு என்ன?" என்று குடத்துக்காரியிடம் கேட்டு, சொன்ன பெயரைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் படித்துக்கொள்ளும். எழிலரசி அந்தக் கல்லுக்குப் பின்னால் வருகிற மாதிரி தன் குடத்தை ஒரு நாளும் வைக்கமாட்டாள்.

ருஷ்யக் குரலும் சிமெண்டுத் தொட்டியிலிருந்து வெளியே வந்தது. கேட்க ஆளில்லாத குரல் தேயும். அது ஏற்கெனவே பாதியாகத் தேய்ந்திருந்தது. எழிலரசியே புளி தட்டுகிற கறுப்புக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டுபோய் அதற்காக வரிசையில் வைத்தாள். குழாயடிப் பெண்களோடு பேசிப் பேசி அதற்குத் தெம்பு வந்தது. யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெரிந்துகொண்டது. கோதுமையை விட்டுவிட்டுக் கத்திரிக்காய் விலை பேசியது. அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு நாள் காலை அரிசி களையப் போகும் வரைக்கும். அன்று தொட்டிக்குள்ளிருந்து, "எளிலரசி," என்று சொன்னது.

களைந்த தண்ணீர் கையிலிருந்து வழிந்துபோவது தெரியாமல் நின்றாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முயன்றது. நாக்கு பாதி வளைந்து, பாதியில் விழுந்தது. பெண்களோடு பேசி நாக்கு பழகிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டது. நாளுக்கு நாள் மோசமானது. மழை மளையானது, கிழக்கு கிளக்கானது. இந்த உலகத்தில் அவள் பெயரைச் சரியாகச் சொல்ல இருந்தது ஒரே குரல். அதுவும் போனால் அந்தப் பெயர் தாழைமங்கலத்தில் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எளிலு என்று ஊர் கூப்பிட்டபோதெல்லாம் உள்ளே ஒருத்தி, அது நான் இல்லை, என் பேரைச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாளே, அவளை இனி எங்கே வைப்பது? குழாயடிக்கு இனிப் போகாதீர்கள் என்று குரலைக் கெஞ்சினாள். போகாமல் இருந்தால் தேய்ந்துவிடுவேன் என்று குரல் சொன்னது, அதுவும் உண்மைதான்.

அந்த வாரம்தான் அமெரிக்கக் குரல் சிமெண்டுத் தொட்டிக்கு வந்தது. பழைய பகையாளிகள் இரண்டு பேரும் வெகுநேரம் பேசினார்கள். ஒருவரையொருவர் அமுக்க எவ்வளவு இரைச்சல் போட்டோம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த எழிலரசிக்கும் கோமதிநாயகத்துக்கும் தங்கள் வாலிபமே தொட்டிக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு அமெரிக்கக் குரல் விஷயத்துக்கு வந்தது. தனித்தனியாக நின்றால் வரிசைதான். இருவரும் சேர்ந்து ஒரே ஒரு நாள் பழைய பலத்தோடு எழுந்தால், மற்றதெல்லாம் அடங்கிவிடும், உலகம் மறுபடியும் நம்மைத் தலைநிமிர்ந்து பார்க்கும். ருஷ்யக் குரல் தயங்கியது. அப்படி எழுந்தால் உமது ழகரமும் திரும்பிவிடும் என்றது அமெரிக்கக் குரல்.

ருஷ்யக் குரல் எழிலரசியிடம் கேட்டது. "நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" இத்தனை வருஷத்தில் அது அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அரிசிக்குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கோமதிநாயகமும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு ருஷ்யக் குரல் அமெரிக்கக் குரலோடு மேல்தொட்டிக்கு ஏறிவிட்டது.

அடுத்துத் தண்ணீர் விட்ட நாளில் கல்வரிசை குழாயிலிருந்து பலசரக்குக் கடை வரைக்கும் நீண்டிருந்தது. நினைப்பு எங்கோ இருந்ததால் எழிலரசி குடத்தை வைத்த இடத்தைக் கவனிக்கவில்லை. கானாவின் கூழாங்கல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டாள். உலகம்மாள் குழாயைத் திறந்தாள். காற்று சீறியது.

"வணக்கம்," என்றது கானாக் குரல். "அக்கா, ஒங்க பேரு..."

மேல்தொட்டிக்குள்ளிருந்து இரண்டு குரல்களும் சேர்ந்து எழுந்தன. குடங்கள் உருண்டன. கற்கள் வரிசையை விட்டுத் துள்ளி விழுந்தன. ஜங்ஷனில் நின்ற வண்டியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லாத் தேசத்துக் குரலும் குழாய்க்குள் பின்வாங்கி ஒடுங்கிக்கொள்ள, வானம் முழுக்க அந்த இரண்டு குரல்களே இருந்தன. அமெரிக்கக் குரல் நிலாவைப் பற்றிச் சொன்னது, கோமதிநாயகம் வீட்டு வாசலில் நின்று கையைக் கூப்பிக்கொண்டார். தெருவில் வயதானவர்கள் எல்லோரும் வெளியே வந்து அண்ணாந்து நின்றார்கள். எது பெரியது, யார் பெரியவர் என்று தெரிந்திருந்த நாட்கள் அப்படியே திரும்பி வந்து தலைக்கு மேல் நின்றன. அப்போது ருஷ்யக் குரல் சொன்னது: "அன்பார்ந்த நேயர்களே! தாழைமங்கலத்து நேயர் எழிலரசி! எழிலரசி! எழிலரசி!"

ஒரு பிசிறு இல்லை. ஒவ்வொரு ழகரமும் வளைந்து, நிறைந்து, வழிந்தது. எழிலரசிக்குக் கண்ணீர் கொட்டியது. இதற்காகவே பிறந்து இதற்காகவே இத்தனை காலம் மாவரைத்துக்கொண்டிருந்த மாதிரி, தெரு நடுவில் நின்று அழுதாள். இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது, குரலும் சொல்லிக்கொண்டே இருந்தது.

உலகம்மாள் மட்டும் மேலே பார்க்கவில்லை. அவள் குனிந்து குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை. நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"அந்தப் புள்ள சத்தம் இல்லியே மதினி," என்றாள். "ஒங்ககிட்ட என்னமோ கேட்டுக்கிட்டிருந்துச்சே."

எழிலரசி குழாயைப் பார்த்தாள். கேட்கத் தொடங்கி முடிக்க முடியாமல் போன அந்தக் கேள்வி அவளுக்கு அப்போதுதான் காதில் விழுந்தது. மேலே, எழிலரசி, எழிலரசி என்று குரல் முழங்கிக்கொண்டிருந்தது. அது அவளைப் பெயர் சொல்லி அழைக்கிறதே தவிர, அவள் அழுகிறாள் என்றோ கீழே நிற்கிறாள் என்றோ அதற்குத் தெரியவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தான்தான் சொல்லவில்லை என்ற நினைப்பு வந்தது. சிதறிக் கிடந்த கற்களுக்குள் தேடித் தன் கறுப்புக்கல்லை எடுத்தாள். அதைக் கையில் ஏந்திக்கொண்டு வரிசை முழுக்கக் கடந்து, பலசரக்குக் கடைக்கும் அப்பால், கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

"இங்கன வந்து நில்லுங்க," என்று தொட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"எழிலரசி," என்றது குரல்.

"கடைசில வந்து நில்லுங்க. அந்தப் புள்ள பேசட்டும்."

குரல் நின்றது. அமெரிக்கக் குரல் மட்டும் தனியாகக் கொஞ்ச நேரம் முழங்கிப் பார்த்தது. கோமதிநாயகம் வாசலிலிருந்து மனைவியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கி வந்தார். ஆளைக் கூப்பிடாமல், இந்த வயதில், அம்மிக்கல்லைத் தானே மார்போடு அணைத்துத் தூக்கினார். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கி, கறுப்புக்கல்லுக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டுவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். மேலே அமெரிக்கக் குரலும் அடங்கியது. அண்ணாந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். யாருக்கும் யார் முகத்தையும் பார்க்க விருப்பமில்லை.

எழிலரசி குழாயின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள். புது ஆளிடம் தன் வாயால் சொல்லாத சொல் அது. பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் வாயில் உதட்டை வைத்துச் சொன்னாள்.

"எம் பேரு எளிலு."

ஒன்றும் இல்லை. மறுபடியும் சொன்னாள். குழாய்க்குள் வெகு தூரத்தில் ஏதோ அசைந்தது. பயந்து ஒடுங்கிய மூச்சு ஒன்று மெல்ல மெல்லத் தவழ்ந்து வந்தது.

"எலிலு," என்றது கானாக் குரல்.

யாரோ சிரித்தார்கள். எழிலரசி திரும்பிப் பார்க்கவில்லை.

"எலி இல்ல. எளிலு," என்றாள். "நாக்க இன்னும் கொஞ்சம் மடக்கு. எளிலு."

"எளிலு," என்றது அது. பிறகு, "சரியா?" என்று கேட்டது.

எழிலரசி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"சரிதான்," என்று சொல்லிவிட்டுக் குடத்தை நேராக வைத்தாள்.